மேயருக்கு வேண்டிய வெயில்

லேர், ஜெர்மனி
ஏப்ரல், கடைசி ஞாயிறு

அன்புள்ள இம்கேவுக்கு,

ஹாபோ எழுதுகிறேன். இங்கே நான் நலம், மேயர் நலம், கூரையும் இந்த வருடம் ஒழுகவில்லை. நீ அந்தத் தென்துருவப் பனியின் மேல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடைசிக் கப்பல் திரும்பிவிட்டதால் இனி உங்கள் கோடை வரும்வரை தபால் கிடையாது என்கிறார்கள். அதனால் கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தட்டி அனுப்புகிறேன். எதில் அனுப்பினாலும் கடிதம் என்றால் முறையாக எழுத வேண்டும் என்பது என் கட்சி. உன்னைப் போல மூன்று வரியில் முடிக்க எனக்கு வராது.

அந்த மூன்று வரியில் இரண்டு மேயரைப் பற்றி, ஒன்று காற்றின் வேகத்தைப் பற்றி. என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பரவாயில்லை. எனக்கு நிறமும் மாறாது, வாலும் சுருளாது, கேட்க என்ன இருக்கிறது.

மேயர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பச்சோந்திக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை உன் அம்மா வைத்திருக்க முடியாது. ஒரு கண் நம்மைப் பார்க்கிறது, இன்னொரு கண் வேறு யாரையோ பார்க்கிறது. ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் நாலு தரம் முன்னும் பின்னும் ஆடிவிட்டு, கடைசியில் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறார். நம் ஊர் நகரசபையில் நான் ஜன்னல் மாட்டப் போன காலத்திலிருந்து இப்படிப்பட்டவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு நாள் அவர் வலைக்கூண்டின் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே போய், மேலே இருந்த சூட்டு பல்பில் கொண்டையைச் சுட்டுக்கொண்டார். சின்னக் காயம்தான், ஆறிவிட்டது, பதறாதே. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வாசல் நடையில் வைத்திருந்த அந்த வலைக்கூண்டு எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. நம் ஊர்க் காற்று கதவிடுக்கில் புகுந்து அதன் நாலு பக்கமும் வீசியது. தண்ணீர் தெளித்தால் பாதி சுவரில் போய் விழுந்தது.

ஆகவே மேயருக்கு ஒரு மாளிகை கட்டியிருக்கிறேன். உன் அம்மாவுக்காகத் தெற்குப் பக்கம் நான் போட்ட கண்ணாடி அறையில், ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. பட்டறையில் மிச்சமிருந்ததில் உயர்ந்த ரகம், இரண்டு தகட்டை நடுவில் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி. காற்றோட்டத்துக்குக் கீழேயும் பக்கத்திலும் துளைத்தட்டி. கூரைக்கும் அதே கண்ணாடிதான். அதன் மேல் உன் இரண்டு விளக்கையும் வைத்துவிட்டேன், அந்த நீளமான யுவி குழலையும் சூட்டு பல்பையும். இனி அவர் எவ்வளவு ஏறினாலும் சுட்டுக்கொள்ள முடியாது. பகலெல்லாம் சூரியன், மேலே விளக்கு, நல்ல கதகதப்பு. காலையில் நான் தேநீரில் கற்கண்டைப் போட்டு அது படபடவென்று விரிசல் விடும்போது ஒரு கண்ணைத் திருப்பிப் பார்க்கிறார். எனக்குத் துணை போதும்.

கிளம்பும்போது நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. இரவில் முழு இருட்டு வேண்டும். தண்ணீரை இலையில்தான் தெளிக்க வேண்டும், கிண்ணத்தில் வைத்தால் குடிக்க மாட்டார். வெட்டுக்கிளியைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். விளக்குக்கும் அவருக்கும் நடுவில் எதையும் வைக்கக் கூடாது. அதற்காகவே செடியின் மேல்கிளைகளை எல்லாம் வெட்டிவிட்டேன். இப்போது ஓர் இலைகூடத் தடையில்லை.

நீ கடைசியாகச் சொன்ன இரண்டும் நினைவிருக்கிறது. கஷ்டமாக இருந்தால் மேயரைப் பக்கத்து வீட்டுத் தம்மோவிடம் கொடுத்துவிடுங்கள், அவர் மாடி முழுக்கப் பச்சோந்திதானே, ஒன்று கூடினால் தெரியாது என்றாய். உன் அறையை வாடகைக்கு விட்டுவிடுங்கள் என்றாய். பிப்ரவரியில் வந்ததும் மேயரைக் கூட்டிக்கொண்டு ப்ரேமர்ஹாஃபனில் வீடு பார்க்கப் போவதாகவும் சொன்னாய். விமான நிலைய வாசலில் நான் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, மழை என்று கண்ணாடியை இறக்காமலே கையசைத்தேன். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை.

இம்கே, நான் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டபோது உனக்கு இருபது வயது. புதிதாக ஒருவனை அப்பா என்று கூப்பிடும் வயதைத் தாண்டியிருந்தாய். நானும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அலீடா படுக்கையை விட்டு எழ முடியாத அந்தக் கடைசிக் குளிர்காலத்தில், தம்மோ கொண்டுவந்து கொடுத்த விரல்நீளக் குட்டியை நாம் மூன்று பேரும் சேர்ந்துதான் வளர்த்தோம். அவள் கையால் தின்று உருப்பட்டதில் இந்த வீட்டில் மிச்சம் இருப்பது மேயரும் நானும்தான். மேயரும் போய்விட்டால் நீ இந்த வாசலுக்கு வர வேறு காரணம் இருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதனால் தம்மோவுக்குக் கொடுப்பதாக இல்லை. நீ வரும்போது கொழுகொழுவென்று உன் கையில் ஏற்றிவைப்பேன்.

சாக்ஸை ஈரத்தோடு போடாதே. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஹாபோ

*

லேர்
ஜூன், பெந்தெகொஸ்தே முடிந்த வாரம்

அன்புள்ள இம்கேவுக்கு,

உனக்குச் சூரியன் மறைந்து நாளாகிவிட்டது என்று செய்தித்தாளின் மூலையில் போட்டிருந்தான். இங்கே நேர்மாறு, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். கரைமேட்டில் ஆடுகளுக்கு மயிர் கத்தரித்துவிட்டார்கள். எதிர்வீட்டில் புது ஜன்னல் மாட்டியிருக்கிறார்கள். ஆள் தெரியாதவனிடம் கொடுத்திருக்கிறார்கள், சட்டம் கோணல்.

ஆடும் ஜன்னலும் எழுதி நாலு வரி ஓட்டிவிட்டேன். இனி சொல்லித்தான் ஆக வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி. மேயர் உயிரோடு இருக்கிறார். ஆனால் நன்றாக இல்லை. அதற்குக் காரணம் நான்.

மே மாத நடுவில் அவர் குறி தவற ஆரம்பித்தார். வெட்டுக்கிளியை இடுக்கியில் பிடித்துக் காட்டினால் இரண்டு கண்ணாலும் பார்ப்பார், வாயைத் திறப்பார், நாக்கு பாதி தூரம் வந்து தொங்கிவிடும். வயதாகிறது என்று நினைத்து அருகே கொண்டுபோய் ஊட்டினேன். பிறகு கிளையைப் பிடிக்கும் பிடி தளர்ந்தது. ஒரு பிற்பகல் நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது தொப்பென்று சத்தம். மேயர் தரையில் கிடந்தார். எடுத்துக் கிளையில் வைத்தேன். முன்கை முழங்கைக்குக் கீழே வளைந்திருந்தது. கை வளையக் கூடாத இடம் அது.

தொப்பியில் துண்டைப் போட்டு அவரை அதில் வைத்து ஓல்டன்பர்குக்குக் கொண்டுபோனேன். அங்கே ஊர்வன பார்க்கும் டாக்டர் அம்மா ஒருவர், ப்ரூன்ஸ் என்று பெயர், சின்ன வயசு. படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் மூட்டமாக இருந்தது. நான் கால்சியம் பொடி தவறாமல் கொடுத்ததையும், விளக்கு இரண்டும் பகல் முழுக்க எரிவதையும், என் கண்ணாடி அறையையும் பெருமையோடு சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"விளக்குக்கும் இவனுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு வாய் வந்தது. "கண்ணாடி மட்டுந்தான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. வெயிலில் எலும்புக்கு வேண்டிய ஒரு பங்கு இருக்கிறது, அதைக் கண்ணாடி உள்ளே விடாது, வெளிச்சத்தையும் சூட்டையும் மட்டும்தான் விடும் என்று சொன்னார். அந்தப் பங்கு உடம்பில் பட்டால்தான் தின்ற கால்சியம் எலும்பில் போய்ச் சேருமாம். இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்தே கடன் வாங்குமாம். இரண்டு மாதமாக மேயர் தன் எலும்பையே தின்றுகொண்டிருந்திருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் கண்ணாடி வெட்டியவனிடம் வந்து கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறாரே என்று வீம்பு. வீட்டுக்கு வந்ததும் தம்மோவைக் கூப்பிட்டேன். அவன் அந்த யுவி கதிரை அளக்கும் சிறு கருவியைக் கொண்டுவந்தான். அலமாரிக்குள் வைத்தான். மேலே குழல்விளக்கு கண்ணைக் கூசவைக்கிறது, வெளியே உச்சிவெயில், கருவியில் பூஜ்யம். கையால் தட்டினேன், மறுபடியும் பூஜ்யம். தம்மோ கண்ணாடி அறையின் ஜன்னலைத் திறந்து கருவியை வெளியே நீட்டினான். எண் சரசரவென்று ஏறியது. ஜன்னலைச் சாத்தினான், செத்தது.

தம்மோவின் வாயை உனக்குத் தெரியுமே. "ஊரெல்லாம் ஒன்னோட கண்ணாடியப் போட்டா சோபா வெளுக்காது, திரை வெளுக்காதுன்னு சொல்லித்தானேடா வித்த? அது ஏன் வெளுக்காதுன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சரி விடு, மூஞ்சிய அப்படி வச்சுக்காத" என்றும் சொன்னான்.

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. விளம்பரத் தாளில் அந்த வரியை எழுதியதே நான்தான். பட்டறைப் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்ன பாடமும் ஒன்று உண்டு. நல்ல கண்ணாடி என்றால் அது இருப்பதே தெரியக் கூடாது. அதனால் நீ நடுவில் எதையும் வைக்காதீர்கள் என்று சொன்னபோது எனக்கு இலை ஞாபகம் வந்தது, கிளை ஞாபகம் வந்தது, கண்ணாடி வரவே இல்லை. வேறு எவனாவது யோசித்திருப்பான். ஒரு கண்ணாடிக்காரனுக்குத்தான் அது ஒரு பொருளாகவே படாது.

டாக்டர் அம்மா திரவக் கால்சியம் கொடுத்திருக்கிறார், வாயோரம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வளைந்த கை முழுசாக நிமிராது, ஆனால் உறுதியாகலாம் என்றார். பிழைப்பானா என்று கேட்டேன். "பாதிக்குப் பாதி, விளக்க மொதல்ல சரி பண்ணுங்க" என்றார். அன்றைக்கே மேயரைப் பழைய வலைக்கூண்டுக்கு மாற்றிவிட்டேன். வாசல் நடையில் வைத்தால் மறுபடி காற்று அடிக்கும். அதனால் உன் அறையில் வைத்திருக்கிறேன்.

இப்போது நீ சொல்ல வேண்டியது. தம்மோ அவரை வைத்துக்கொள்ளத் தயார். அவன் கையில் எதுவும் வீணாய்ப் போனதில்லை. ஏப்ரலில் நான் எழுதிய காரணமெல்லாம் என் காரணம், மேயருடையது அல்ல. நீ ஒரு வார்த்தை எழுதினால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். எனக்கு வருத்தம் இருக்கும். அதை நீ கணக்கில் எடுக்க வேண்டாம்.

என்னைத் திட்ட வேண்டுமானால் மூன்று வரியில் நிறுத்தாதே, நன்றாகவே திட்டு. அங்கே இருட்டில் உனக்கு இந்தச் செய்தியையா அனுப்புகிறோம் என்று இரண்டு நாள் தயங்கினேன். மறைத்தால் அது இன்னொரு கண்ணாடி ஆகிவிடும்.

இப்படிக்கு,
ஹாபோ

*

லேர்
ஜூலை, மூன்றாம் வாரம்

அன்புள்ள இம்கேவுக்கு,

உன் பதில் வந்தது. "தம்மோ வேண்டாம். நீங்களே செய்யுங்கள். இந்தத் தடவை ஒழுங்காக." இதை அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டியிருக்கிறேன். உன் அம்மா கோபப்பட்டால் இப்படித்தான், வாக்கியம் சின்னதாகிக்கொண்டே போகும்.

ஒழுங்காகவே செய்திருக்கிறேன். தம்மோ கூட இருந்தான், நான் ஆணி அடித்த இடத்திலெல்லாம் கேலி செய்தான். யுவி குழலைப் புதிதாக வாங்கினேன், பழையது எரிந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருடம் போனால் அதில் சரக்கு இருக்காதாம், கண்ணுக்குத் தெரியாதாம். இந்த வயதில் கண்ணுக்குத் தெரியாத விஷயமாகவே கற்றுக்கொண்டிருக்கிறேன். குழலை வலைக்கூரைக்கு மேலே நீளவாட்டில் பொருத்தினோம். நடுவில் வலையைத் தவிர ஒன்றுமில்லை. இருபத்தைந்து சென்டிமீட்டர் கீழே ஒரு கிளையைக் கிடையாகக் கட்டினோம், அவர் கைக்கு அடங்குகிற தடிமனில். தம்மோ கருவியை அதில் வைத்துப் பார்த்துக் கிளையை இரண்டு விரல் இறக்கச் சொன்னான். அதிகமானாலும் ஆபத்தாம், கண் கெட்டுப்போகுமாம்.

சூட்டு பல்பை ஒரு மூலையில் தள்ளி, கூரையிலிருந்து உயர்த்தித் தொங்கவிட்டேன். தலைகீழாகத் தொங்கினாலும் இனி கொண்டை எட்டாது. அவர் சூடு காயும் கிளையில் முப்பது டிகிரிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. மறுமூலையில் அடர்த்தியாகச் செடி, அங்கே நிழலும் குளிர்ச்சியும். வேண்டுமென்றால் வெயிலுக்கு வரலாம், வேண்டாமென்றால் ஒதுங்கலாம். ஏப்ரலில் நான் வெட்டித் தள்ளியது அந்த ஒதுங்கும் இடத்தையும் சேர்த்துத்தான் என்று இப்போது புரிகிறது. ஓர் உயிருக்கு இரண்டும் வேண்டும். எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது.

வெயில் அடிக்கும் நாட்களில் தம்மோ கொடுத்த சின்ன வலைக்கூண்டில் வைத்துத் தோட்டத்துக்குத் தூக்கிப்போகிறேன். உண்மையான சூரியன், தலைக்கு மேல் வானம் மட்டும். பாதிக் கூண்டின் மேல் ஒரு பழைய துணி. பக்கத்தில் நாற்காலி போட்டு நானும் உட்காருகிறேன், காகம் வராமல் பார்த்துக்கொள்ள. முதல் நாள் மேயர் உடம்பைத் தட்டையாக்கி, சூரியன் பக்கம் இருந்த விலாவை மட்டும் கருப்பாக்கிக்கொண்டு, இரண்டு கண்ணையும் மூடிவிட்டார். செத்துவிட்டார் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. தம்மோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சும்மா இரு, அவன் இப்பத்தான் சாப்பிடறான்" என்றான்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தோட்டத்தில் ஓர் ஈ. நான் கொடுத்ததல்ல, தானாக வந்து கூண்டுக்குள் புகுந்த ஈ. எதிர்க்கிளையில் உட்கார்ந்தது. மேயர் ஒரு கண்ணைத் திருப்பினார், மறுகண்ணையும் திருப்பினார், வளைந்த கையால் கிளையை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடியைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். நாக்கு முழு நீளத்துக்குப் போனது. ஈயைக் காணோம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்மோ கை தட்டினான். நான் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. உள்ளே போய் அலீடாவிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு அடி எடுத்து வைத்தபிறகுதான் அவள் இல்லை என்று ஞாபகம் வந்தது. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

டாக்டர் அம்மா மறுபடி படம் எடுத்தார். எலும்பு எலும்பாகத் தெரிகிறது. கை வளைந்தபடியே இருக்கும், கிளையேறத் தடையில்லை. கண்ணாடி அலமாரியில் இப்போது தக்காளி. அதற்கு அது சொர்க்கம், உனக்கும் நாலு பாட்டில் சாறு எடுத்துவைக்கிறேன்.

இனி உன் விஷயம். உன் பதிலின் அடியில் ஒரு வரி போட்டிருந்தாய், நாங்களும் இங்கே ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறோம் என்று. அதை நான் பலமுறை படித்தேன். தூக்கம் பகலில் வருகிறது, சாப்பாட்டு மேசைக்குப் போகப் பிடிக்கவில்லை, இருட்டு மாதங்களுக்கென்று வைத்திருக்கும் விளக்கறைக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று முன்பு ஒரு கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தாய். அன்றைக்கு நான் காற்றின் வேகத்தைப் போல அதையும் படித்துவிட்டுப் போய்விட்டேன். மேயர் குறி தவறியபோது வயதாகிறது என்று நினைத்த அதே ஆள்தானே நான்.

டாக்டர் அம்மாவிடம் உன்னைப் பற்றியும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நான் பச்சோந்தி டாக்டர் என்றார். ஆனாலும் சொன்னார். உங்கள் விளக்கறை விளக்கு எலும்புக்கு ஆகாது, அதற்கு மாத்திரை இருக்கிறதாம். அந்த வெளிச்சம் மனதுக்கும் தூக்கத்துக்குமாம். ஆகவே மாத்திரையை விடாதே. காலையில் எழுந்ததும் விளக்கின் முன்னால் போய் உட்கார். பிடிக்கவில்லை என்றாலும் உட்கார். மேயருக்கும் முதலில் பிடிக்கவில்லை, இலைக்குப் பின்னால் போய் ஒளிந்தார். மூன்றாம் நாள் தானே வந்தார். சாப்பாட்டு மேசைக்கும் போ. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் தேநீர் குடித்தால்கூட அதற்கு ஒரு சூடு உண்டு. உன் சூரியன் இந்த வாரக் கடைசியில் தலைகாட்டும் என்கிறார்கள். காட்டும்போது ஜன்னல் வழியாகப் பார்க்காதே. வெளியே போய், அந்த மூக்குக் கவசத்தை ஒரு நிமிடம் இறக்கிவிட்டு, முகத்தைக் கொடு.

இன்னும் ஒரு தகவல், நடைமுறை விஷயம். பெரிய கூண்டின் சட்டத்தை உன் அறைச் சுவரில் திருகாணி போட்டு முடுக்கிவிட்டேன், ஆடாமல் இருக்க. பெரிய திருகாணி. ஆகவே அறையை வாடகைக்கு விட முடியாது. மேயரை ப்ரேமர்ஹாஃபனுக்குக் கொண்டுபோவதென்றாலும் அவ்வளவு சுலபமில்லை, அதற்கான திருப்புளி என்னிடம்தான் இருக்கிறது. நீ கேட்டால் கொடுப்பேன். கேட்பதற்கு முன் அந்த அறையில் நாலு நாள் தூங்கிப் பார் என்பதுதான் என் வேண்டுகோள். கட்டிலை விளக்குப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் உன்னை அழைக்க வருவேன். மழை பெய்தாலும், பனி கொட்டினாலும், நம் ஊர்க் காற்று ஆளையே தூக்கினாலும், இந்தத் தடவை காருக்குள் உட்கார மாட்டேன். நீ வெளியே வரும் கதவுக்கு எதிரே, நடுவில் எதுவும் இல்லாமல் நிற்பேன்.

உன் மேல் வெளிச்சம் நேராக விழட்டும், குழந்தாய்.

இப்படிக்கு,
மேயரோடு காத்திருக்கும்
ஹாபோ